சோளகமும் இரண்டு சைக்கிள்களும்

சென்ற ஞாயிறு இப்பகுதியில் கிடுகு வேலியின் பெருமையைப் பேசியிருந்தேன். இந்த வாரம் வேலிக்கு வெளியே செல்வோம். வெளியே என்றால் சற்றுத் தொலைவாகவே. நல்லூரிலிருந்து பருத்தித்துறைக்கும், அங்கிருந்து கடலோரமாக வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, அச்சுவேலி வழியாக மீண்டும் வீட்டுக்குமாக ஏறத்தாழ 70 கிலோமீற்றர். பழைய கணக்கிற் சொன்னால் 40 மைலுக்கு மேல். இத்தொலைவைச் சென்ற ஆனி மாதத்தில் ஒரே பகலில் நானும் என் மனைவியும் சைக்கிளிற் சென்று மீண்டோம். எனக்கு வயது 66, அவளுக்கு 62.

ஆளுக்கொரு சைக்கிளிற் சென்றோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், 'தம்பதிகள் சைக்கிளில்' என்றவுடன் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம் வேறு. கணவன் மிதிப்பான், மனைவி காரியரில் ஒருபக்கமாக அமர்ந்து, சேலைத் தலைப்புச் சில்லுக்குள் அகப்படாதபடி ஒரு கையால் அதனைச் சுருட்டிப் பிடித்திருப்பாள், முன் பாரில் ஒரு பிள்ளை, கைப்பிடியில் ஒரு மரக்கறிப் பை. இச்சித்திரத்தை வரைந்து சட்டமிட்டு மாட்டினால் அதுவே யாழ்ப்பாணத்துக் குடும்பப் படம் எனலாம். 1988ஆம் ஆண்டு எங்கள் திருமணம் நடந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் நாங்களும் அந்தப் படத்திலேயே இருந்தோம். அக்காலத்தில் அவள் பார்த்த உலகம் பெரும்பாலும் என் முதுகேயாகும். என் சட்டைகளின் முதுகுத் தையல் எங்கெங்கே பிரிந்திருந்தது என்பதை இன்றும் அவள் ஒப்புவிப்பாள்.

சைக்கிள் நம் குடாநாட்டிற்கென்றே படைக்கப்பட்ட வாகனம் போலும். இங்கே ஏற்றமில்லை, இறக்கமில்லை. மலையென்று பெயர் சூடிய கீரிமலையிலும் மலையைக் காணோம். ஊருக்கு ஊர் இரண்டு மூன்று மைல். சந்திக்குச் சந்தி ஒரு தேநீர்க் கடை, ஒரு சைக்கிள் கடை. எங்கள் தந்தையர் காலத்தில் றலி, ஹம்பர், ரட்ஜ் என்னும் சீமைச் சைக்கிள்கள் வீட்டுக்குச் சொத்தாயிருந்தன. ஞாயிறு காலையில் அவற்றைக் கவிழ்த்து வைத்துத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பதைச் சிறுவர்களாகிய நாங்கள் வட்டமாயிருந்து பார்த்ததுண்டு. தொடுவதற்கு மட்டும் அனுமதியில்லை.

பின்னர் வந்த காலத்தை நடுவயதினருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மாணவ நேயர்களுக்காகச் சில வரிகள். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. ஓடாதவை கொட்டில்களிற் படுத்தன. மிஞ்சியது சைக்கிள். நெல் மூட்டை, விறகுக்கட்டு, நோயாளி, மணப்பெண், சில வேளைகளில் பிரேதமுங்கூட அதன்மேலேதான் சென்றன. பற்றறியும் தடைப்பட்ட பொருளாகையால், இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்போம். சுழற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துவிடுவார். முக்கியமான இடத்திற் களைப்பது என் தம்பியின் வழக்கம்.

என் மனைவி ஆசிரியை. புத்தூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றிற் படிப்பித்தாள். பஸ் நின்றபின் சில மாதங்கள் நானே காலையிற் கொண்டுபோய் விட்டு மாலையிற் கூட்டிவந்தேன். 1991இல் ஒருநாள், தானே ஓடப் பழகப் போவதாகச் சொன்னாள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். 'விழுந்தால் யார் பார்ப்பது?' என்றேன். விழுந்தாள், அவளுடைய எட்டாம் வகுப்பு மாணவிகளே பார்த்துக்கொண்டார்கள். அவர்களே அவளுக்குக் குருமார். பள்ளி மைதானமே பயிற்சிக்களம். ஆசிரியை மாணவியாகவும் மாணவிகள் ஆசிரியைகளாகவும் மாறிய அந்தப் பதினைந்து நாள்களில், வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகளெல்லாம் 'ரீச்சர், முன்னுக்குப் பாருங்கோ! சில்லைப் பாராதையுங்கோ!' என்று கட்டளையிட்டார்களாம்.

பாக்குநீரிணைக்கு அப்பால், அதே 1991இல், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தார்கள் என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தேன். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்யும் பெண்களுமாகப் பல்லாயிரவர் மிதிக்கப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாயிநாத் அதனை விரிவாக எழுதி உலகறியச் செய்தார். அங்கே ஓர் இயக்கம் செய்ததை இங்கே எரிபொருட் பஞ்சம் செய்தது. இங்கே கொடியுமில்லை, கூட்டமுமில்லை. ஒருநாட் காலை பார்த்தால் வீதியெல்லாம் பெண்கள் சைக்கிளில்! வெட்கப்படுவதற்கு ஒருவருக்கும் நேரமில்லாதிருந்தது.

இனி, இந்தப் பயணத்திற்குக் காரணமான நாளுக்கு வருகிறேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டார்கள். நாங்களும் இரண்டு சைக்கிள்களோடு புறப்பட்டோம். என் காரியரில் தாயார். பாரில் அரிசிப் பை. அவளுடைய காரியரில் எங்கள் மூத்தவன். கைப்பிடியில் உடுப்பு மூட்டை. ஓடுவதற்கு இடமேது? மழையில், இருளில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக உருட்டிச் சென்றோம். சாவகச்சேரி பத்து மைல். ஒரு மணித்தியாலத்தில் மிதிக்கும் வழி அன்று ஓர் இரவை விழுங்கி அடுத்த நாளிலும் கொஞ்சம் தின்றது. கைதடியடியில் தாயார், 'பிள்ளை, இந்தச் சைக்கிள் இல்லாட்டி நான் என்ன செய்வன்?' என்று அவளைப் பார்த்துக் கேட்டார். மிதித்தவன் நான், கேட்கப்பட்டவள் அவள். ஏனென்று அன்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் வீடு திரும்பினோம். தாயார் எங்களுடன் திரும்பவில்லை.

இவ்வளவும் கடந்து, பிள்ளைகள் கனடாவிற் குடியேறி, நாங்கள் இருவரும் ஓய்வூதியக்காரராகிய பின்னர், ஒருநாள் மாலை அவள் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, இந்தச் சைக்கிள் ரெண்டும் ஒருநாளாவது வேலையில்லாமல் ஓட வேணும்."

"எங்கை போகப் போறீர்?"

"எங்கையெண்டாலும். ஓடிப்போறதுக்கும் இல்லை, ஒண்டைத் தேடிப்போறதுக்கும் இல்லை. சும்மா."

இந்தச் 'சும்மா' என்ற சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. எண்ணிப் பார்க்கையில், எங்கள் நாற்பதாண்டுச் சைக்கிள் வாழ்வில் சும்மா சென்ற ஒரு பயணமும் இல்லை. பள்ளிக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, செத்த வீட்டுக்கு, கூப்பன் கடை வரிசைக்கு. காரியமின்றி மிதிப்பதென்பது எங்கள் அகராதியில் இல்லை.

சும்மா சென்ற தம்பதிகளும் உலகில் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ஹன்ரர் வேர்க்மன் ஒரு வைத்தியர்; உடல்நலங் கருதித் தொழிலை விட்டவர். அவருடைய மனைவி பனி புல்லொக் வேர்க்மன் அம்மாநில ஆளுநராயிருந்தவரின் மகள். பணத்துக்குக் குறைவில்லை. இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் சுற்றினார்கள். பின்னர் 1897இன் பின்னான ஆண்டுகளில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து கோயில்களையும் பழைய நகரங்களையும் பார்த்துத் திரிந்தார்கள். அப்பயணத்தைப் பற்றி 1904இல் அவர்கள் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 14,000 மைல் என்ற கணக்கு இருக்கிறது. தார் வீதியைக் கனவிலும் காணாத காலம். காற்று நிறைத்த ரயரை டன்லப் என்பவர் 1888இற் செய்து பத்தாண்டுகூட ஆகவில்லை. பிற்காலத்தில் இமயத்துக் காரக்கோரப் பனிமலைகளில் ஏறச் சென்றபோது, ஓராண்டு கணவர் பயணத்துக்குத் தலைவர், மற்றோராண்டு மனைவி தலைவி என்று முறைவைத்துக்கொண்டார்களாம். 1912இல் சியாச்சின் பனியாற்றின் உச்சியில் அந்த அம்மையார், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற படம் புகழ்பெற்றது. சுமைகூலிகளிடம் அவர்கள் கடுமையாக நடந்தார்கள் என்ற குறையும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த 'முறைவைத்தல்' என் நினைவில் ஒட்டிக்கொண்டது. ஏன் என்பது பின்னால் வரும்.

புறப்பட்ட அன்று காலை ஐந்து மணி. என்னிடம் பழைய றலி, அவளிடம் லுமாலா. ஒரு பம்ப், ஒட்டுப் போடும் பெட்டி, இரண்டு போத்தல் தண்ணீர், பிட்டுப் பொட்டலம். வாசலில் நின்று இலைகளைப் பார்த்தேன். மெல்ல அசைந்தன. 'காத்தே இல்லை' என்று அறிவித்தேன். இந்த ஒரு வசனத்துக்காக மாலையில் நான் பட்ட பாட்டைப் பின்னர் சொல்கிறேன்.

இருபாலை, கோப்பாய் தாண்ட வானம் வெளுத்தது. இந்தப் பருத்தித்துறை வீதியை எத்தனையோ முறை பஸ்ஸிற் கடந்தவன் நான். ஆயினும் மண்ணின் நிறம் எவ்விடத்தில் மாறுகிறது என்பதைப் பஸ்ஸிலிருந்து ஒருநாளும் கண்டதில்லை. நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கிடையே செம்பாட்டு மண் தண்ணீர் பாய்ச்சிய ஈரத்தில் இரத்தச் சிவப்பாகக் கிடந்தது. குலைகளைச் சைக்கிளிற் கட்டிச் சந்தைக்குக் கொண்டுசென்ற ஒரு கமக்காரர் எங்களோடு சிறிது தூரம் சேர்ந்து வந்தார். எங்கே பயணம் என்று கேட்டார். பருத்தித்துறை என்றோம். ஆருக்கும் சுகமில்லையோ என்று கேட்டார். இல்லை, சும்மா என்றோம். அவர் எங்களை ஒருமுறை மேலுங் கீழும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் முன்னே சென்றார்.

புத்தூரில் அவள் படிப்பித்த பள்ளிக்குப் போகும் ஒழுங்கையடியில் சற்று நின்றாள். நான் உள்ளே போவோமா என்றேன். வேண்டாமென்றாள். அருகே நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. சுண்ணாம்புக்கல் இடிந்து உண்டான பள்ளம் அது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். மாணவர்களை ஆண்டுதோறும் அங்கே அழைத்துச் சென்று, நம் குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை என்பதைக் கண்ணாற் காட்டிப் பாடம் நடத்துவாளாம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே வரும்.

அவரங்கால் கழிந்து வல்லை வெளி. யாழ்ப்பாணத்தில் வானம் முழுவதையும் ஒரே பார்வையிற் காணக்கூடிய இடங்கள் சிலவே. அவற்றுள் வல்லை ஒன்று. பனையுமில்லை, வேலியுமில்லை, இருபுறமும் தரவையும் நீரும். அங்கே எங்கள் சைக்கிள்கள் மிதிக்காமலே ஓடின போலிருந்தது. அறுபது வயதுக்குமேல் இப்படியொரு கால்பலம் எங்கிருந்து வந்ததென்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன். பாலத்தில் இறங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி, நீரில் கொக்குகள் நிற்பதைப் பார்த்து நின்றோம். பின்னால் வந்த தனியார் பஸ் ஒன்று காதடைக்க ஹோண் அடித்து, கையெட்டும் தூரத்தில் எங்களை உரசுமாப்போற் கடந்தது. முற்காலத்தில் இருவராகச் சென்றால் பக்கத்துக்குப் பக்கம் கதைத்துக்கொண்டு செல்லலாம். இன்று ஒருவர் பின் ஒருவராகவே செல்லவேண்டியிருக்கிறது. இது எனக்கு உண்மையான மனக்குறை. கதைக்க முடியாத பயணத்தில் பாதி இன்பம் போய்விடுகிறது.

நெல்லியடிக்கு முன்னால் அவளுடைய பின்சில்லு காற்றுப் போயிற்று, கருவேல முள். நான் பெட்டியைத் திறந்து விறுவிறுப்பாகத் தொடங்கினேன்; பசை காய்ந்து கல்லாகியிருந்தது. உருட்டிச் சென்று ஒரு சைக்கிள் கடையை அடைந்தோம். கடைக்காரத் தம்பி ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தில் விரலை வைத்து, அதை அரத்தாற் சுரண்டி ஒட்டினார். பத்து நிமிட வேலை. 'சைக்கிள் ஒட்ட வாற ஆக்கள் இப்ப குறைவு ஐயா. எல்லாம் மோட்டார் சைக்கிள்தான்' என்றார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறோம் என்றறிந்ததும், இரண்டு செயின்களுக்கும் எண்ணெய் விட்டு, அதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

பருத்தித்துறையை ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் சேர்ந்தோம். இலங்கைத் தீவின் வடமுனை இதற்கருகே சக்கோட்டையில் இருக்கிறது. அதற்கு மேலே கடல். கடலுக்கு மேலே தமிழ்நாடு. வெளிச்சவீட்டைத் தொலைவில் நின்று பார்த்து, கடற்கரை மதிலில் அமர்ந்து பிட்டை உண்டோம். பின்பு பருத்தித்துறை வடை வாங்கினோம். தட்டையாய், மொறுமொறுவென்று, ஒரு வாரம் வைத்தாலும் கெடாத அந்த வடையை வழிப்பயணத்துக்கென்றே எவரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். அரை இறாத்தல் வாங்கிய இடத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஆறு வடை.

அங்கிருந்து மேற்கே வல்வெட்டித்துறைக்குக் கடலை வலப்புறத்தே கொண்டு செல்லும் வீதி, இந்தப் பயணத்தின் பொன்னான பகுதி. வல்வெட்டித்துறையார் கப்பல் கட்டியவர்கள். அவ்வூரிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயரை மாற்றிக்கொண்டு சென்றார். அது அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அத்துறைமுகம் இருப்பதும் அதே மசாசூசெற்ஸ் மாநிலத்தில்! சைக்கிள் தம்பதிகள் அங்கிருந்து இங்கே வந்தார்கள். நம் கப்பல் இங்கிருந்து அங்கே போயிற்று. இதை நான் உரத்துச் சொன்னேன். முன்னே சென்றவள் திரும்பி, 'என்ன?' என்றாள். ஒரு லொறி கடந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி 'என்ன?' என்றாள். பின்னர் வீட்டில் சொல்லலாமென்று விட்டுவிட்டேன்.

தொண்டைமானாற்றில் நண்பகல். காலையில் வல்லையிற் கண்ட அதே நீர் இங்கே கடலைச் சந்திக்கிறது. கடல்நீர் உள்ளே புகாமல் நன்னீரைத் தேக்க வேண்டி 1950களின் தொடக்கத்திற் கட்டி முடித்த தடுப்பணையையும், பொறியியலாளர் ஆறுமுகம் அக்காலத்தில் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தையும் பற்றித் தனியே ஒரு வாரம் எழுத வேண்டும். இங்கே விரித்தால் வீடு சேரமாட்டோம். செல்வச் சந்நிதியில் வணங்கி, மடத்தில் அன்னதானச் சோறுண்டு, மரநிழலில் மூன்று மணிவரை கண்ணயர்ந்தோம். எழுந்தபோது மரத்தின் கிளைகள் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன.

மாணவ நேயர்களே, இங்கே ஒரு சிறு கணக்கு. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதிக்கும் ஒருவருக்குப் பின்னாலிருந்து அதே 15 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், அவரைப் பொறுத்தவரை காற்றே இல்லை. அவர் அதே வேகத்தில் திரும்பிவந்தால் முகத்திலடிக்கும் காற்று 30. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், 15 இரட்டித்து 30 ஆனால், அமைதியான நாளில் உள்ள தடையைப்போல நான்கு மடங்கு தடை. ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் பகல் ஏற ஏற வலுக்கும். பருத்தித்துறை யாழ்ப்பாணத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. அதாவது, காலையில் வல்லை வெளியில் என் கால்பலமென்று நான் மெச்சிக்கொண்டது சோளகத்தின் பலம். காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்புவதே அறிந்தவர் வழி. நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம்.

அச்சுவேலிப் பாதையில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. மணல் கண்ணில் விழுந்தது. மிதித்தால் நகர்வதும் மிதிக்காவிட்டால் நிற்பதுமாக இருந்தது. வழக்கம்போல் நான் முன்னே சென்றேன், ஆண்மகன் அல்லவா? இரண்டு கிலோமீற்றரில் மூச்சு வாங்கிற்று. மூன்றாவதில் வலது காலிற் பிடிப்பு. இறங்கி ஒரு மதகில் அமர்ந்தேன். இலக்கின்றி வந்த பயணத்தில் இலக்கை அடையாமற் போவது எப்படி என்று நகைச்சுவையாகச் சொல்லப் பார்த்தேன், குரல் வரவில்லை. அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்குப் பின்னாலை வாங்கோ."

"என்ன கதை இது? ஆக்கள் பார்த்தால்?"

"ஆக்கள் பார்க்கட்டும். கிட்டக் கிட்ட வாங்கோ. என்ரை பின்சில்லைப் பாராதையுங்கோ, முன்னுக்குப் பாருங்கோ."

1991இல் அவளுடைய எட்டாம் வகுப்பு மாணவிகள் அவளுக்குச் சொன்ன அதே பாடம்.

முன்னே செல்பவர் காற்றைப் பிளக்க, பின்னே ஒட்டிச் செல்பவருக்கு உழைப்பு நாலிலொன்று முதல் மூன்றிலொன்றுவரை மிச்சமாகுமென்று பந்தயக்காரரை வைத்துக் கணித்திருக்கிறார்கள். கணக்கு எனக்கு முன்னமே தெரியும். ஆனால் உடம்பால் அறிந்தது அன்றுதான். அவளுக்குப் பின்னால் ஒரு மறைவு இருந்தது. அதற்குள் நான் சென்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். தோளொன்று சற்றுத் தாழ்ந்திருந்தது. இது எப்போதிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. மூட்டை சுமந்த தோளோ, புத்தகப் பை சுமந்த தோளோ? நாவற்குழிப் பாலத்தில் தாயார் அவளைப் பார்த்து அப்படிக் கேட்ட காரணம் எனக்கு அப்போது விளங்கிற்று. அந்த இரவு முழுவதும் ஒரு கையால் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு, மறு கையால் என் காரியரிலிருந்த தாயாரை விழாமற் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். முன்னே பார்த்துச் சென்ற நான் அதைக் கண்டதில்லை.

அச்சுவேலியிலிருந்து வேர்க்மன் தம்பதிகளின் வழக்கத்தைக் கைக்கொண்டோம். ஒரு கிலோமீற்றர்க் கல்லுக்கு நான், இரண்டு கல்லுக்கு அவள். சமமான பங்கீடு அன்று. ஆனால் என் காலுக்குத் தகுந்த பங்கீடு. இருவராய்ச் செல்கையில் வேகத்தை நிச்சயிப்பவர் மெதுவாகச் செல்பவரே. இதுவரை அவளே மெதுவாகச் செல்பவளென்று நான் நினைத்திருந்தேன். நீர்வேலியில் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் எங்களைக் கண்டு திடுக்குற்று நிறுத்தினார். அவளுடைய பழைய மாணவராம்.

"ரீச்சர், ஏன் இப்பிடி? ஓட்டோ பிடிக்கட்டே?"

"வேண்டாம் தம்பி. நாங்கள் உல்லாசப் பயணம்."

வியர்வையும் புழுதியுமாக நின்ற இரண்டு கிழங்களைக் கண்டு உல்லாசம் என்ற சொல்லை நம்ப அவருக்குக் கடினமாயிருந்திருக்கும். கோப்பாய்ச் சந்திவரை எங்களுக்குப் பின்னால் மெதுவாக வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்துவிட்டே விடைபெற்றார்.

ஏழரை மணிக்கு வீடு. தொரன்ரோவிலிருந்து மூத்தவன் நான்கு தடவை அழைத்திருந்தான். அவனுக்கு நாங்கள் சைக்கிள்களை விற்றுவிட வேண்டுமென்று ஒரு கொள்கை. அவனோடு அவள் பேசினாள். நான் திண்ணையிற் படுத்துக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிடுகு வேலிக்கு மேலே தென்னோலைகள் சரசரத்தன.

மறுநாட் காலை தேநீருடன் வந்தவள், முற்றத்து மாவிலைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"குறிகட்டுவான் எந்தப் பக்கம்?"

பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும் அங்கிருந்து புங்குடுதீவுக்கும் செல்லும் வழியை நினைத்துப் பார்த்தேன். தென்மேற்கு.

"அப்ப சரி," என்றாள். "போகேக்கை முகத்திலை. வரேக்கை முதுகிலை."